கைபேசிக்குள் வர யாருடைய அனுமதி வேண்டும்?

ஆண்ட்ராய்டு கைபேசியில் நிறுவப்படும் எந்தச் செயலியானாலும், அதை எழுதியவர் தம்முடைய பெயர், முகவரி, அரசாங்க அடையாள அட்டை முதலியவற்றைக் கூகுள் நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அந்த நிறுவனம் அறிவித்தது முதல், எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளில் சிரத்தையுள்ளவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் இதே பேச்சாக இருக்கிறது. பிளே ஸ்டோர் என்னும் தன் சொந்தக் கடையில் செயலியை வைப்பவர்களுக்கு மட்டும் இந்த நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தால் ஆட்சேபிக்க அதிக இடமில்லை. அங்கே பதிவு முறையும் 25 டாலர் கட்டணமும் வெகுகாலமாகவே இருந்து வருகின்றன. கடைக்கு வெளியே, வேறொரு தளத்திலிருந்து நாமாக இறக்கிக்கொள்ளும் செயலிக்கும், கல்லூரி மாணவர் ஒருவர் விளையாட்டாக எழுதித் தம் நண்பர்களுக்கு அனுப்பும் செயலிக்கும்கூட இது பொருந்தும் என்பதே இதில் புதுமை. மாணவர்களுக்கென்று, சில கருவிகளுக்கு மட்டும் செயலியை வழங்கக்கூடிய ஒரு தனிக் கணக்கு உண்டு என்கிறார்கள்; அதற்கும் பதிவு செய்துகொள்ளத்தான் வேண்டும். பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு தேசங்களில் 2026 செப்டம்பரிலும், மற்ற தேசங்களில் 2027 முதல் படிப்படியாகவும் இது அமலுக்கு வரும் என்பது அறிவிப்பு.

என் பட்சம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கருவியை விலை கொடுத்து வாங்கியவருக்கே அதில் எந்த நிரல் ஓடலாம், எது ஓடக்கூடாது என்று தீர்மானிக்கும் இறுதி அதிகாரம் இருக்க வேண்டும். ஆனால் பாதுகாப்பு என்று கூகுள் சொல்வதெல்லாம் வெறும் சாக்கு என்று என் நண்பர்கள் சிலர் ஒரே வார்த்தையில் தள்ளிவிடும்போது எனக்கு அதில் சம்மதமில்லை. நம் ஊர்களில் நடப்பதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் எவராலும் அப்படித் தள்ளிவிட முடியாது.

திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. போக்குவரத்து அபராதச் சலான் என்று ஒன்று வருகிறது. வங்கிக் கணக்கின் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பியுங்கள் என்று இன்னொன்று வருகிறது. எல்லாமே ஏபிகே கோப்புகள், அதாவது ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்புகள். தொட்டு நிறுவியவுடன், குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு, வங்கியிலிருந்து வரும் ஓடிபியை எங்கோ இருக்கும் ஒருவனுக்கு அனுப்பிவிடுகிறது. சில வேளைகளில், பார்வை குன்றியவர்களுக்கு உபகாரமாக ஏற்படுத்தப்பட்ட அணுகல்தன்மை அனுமதியையே பற்றிக்கொண்டு, திரையில் தெரிவதையெல்லாம் படித்து, உரியவருக்குப் பதிலாகத் தானே பொத்தான்களை அழுத்தவும் செய்கிறது. எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இவ்விதம் தம் சேமிப்பில் பெரும்பகுதியை இழந்தார். நிறுவும்போது எச்சரிக்கை வந்திருக்குமே, அதைப் படிக்கவில்லையா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்றும் என் மனத்தில் நிற்கிறது. "படித்தேன் தம்பி, படிக்காமல் இல்லை. ஆனால் பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்ன அந்தப் பையன் போனை வைக்கவே விடவில்லையே. சார், அது எல்லாருக்கும் வருவதுதான், ஓகே கொடுங்க, ஓகே கொடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தான்" என்றார். எழுத்தறிவும் விவேகமும் உள்ள ஒரு மனிதர், எச்சரிக்கையைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகும், அவசரத்தின் நிர்ப்பந்தத்தால் அதை மீறும்படி செய்யப்பட்டார் என்பதே இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

இனி, கைபேசியின் பாதுகாப்பு உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். பல பேர் ஒரே கணினியில் வேலை செய்த காலத்தில், ஒருவருடைய கோப்புகளை மற்றவர் தொடாதிருப்பதற்காக ஏற்பட்ட பயனர் எண் என்னும் ஏற்பாட்டை, ஆண்ட்ராய்டை வகுத்தவர்கள் ஒவ்வொரு செயலிக்கும் ஓர் எண் என்று மாற்றி அமைத்து, ஒரு செயலியின் தரவை மற்றொரு செயலி எட்டிப் பார்க்க முடியாதபடி செய்தார்கள். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கேமரா, ஒலிவாங்கி, தொடர்பு எண்கள் ஆகியவற்றை ஒரு செயலி தொட விரும்பினால் அந்தத் தருணத்திலேயே நம்மைக் கேட்கும் வழக்கம் வந்தது. 2017இல், கடைக்கு வெளியிலிருந்து வருவதை ஒட்டுமொத்தமாக அனுமதிக்கும் ஒற்றைப் பொத்தானை எடுத்துவிட்டு, எந்தச் செயலி வழியாக வரலாம் என்று தனித்தனியே அனுமதி கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2022இன் ஆண்ட்ராய்டு 13, அணுகல்தன்மை அனுமதியை அப்படி வெளியிலிருந்து வந்த செயலிகளுக்கு எளிதில் கொடுக்க முடியாதபடி தடுத்தது. இவை அத்தனையும் சிறந்த காரியங்கள். இவற்றுள் ஒன்றுகூட, செயலியை எழுதியவர் யார், எந்த ஊர்க்காரர் என்று விசாரிக்கவில்லை. செயலி என்ன செய்ய முற்படுகிறது என்பதையே பார்க்கிறது.

கையொப்பத்தின் விஷயமும் அப்படித்தான். ஒவ்வொரு ஏபிகே கோப்பும் எழுதியவரின் மறைச்சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கும். அந்தச் சாவியை அவரே உண்டாக்கிக்கொள்ளலாம், எவரிடமும் சான்று பெற வேண்டியதில்லை. பழைய செயலியின் மேல் புதிய பதிப்பு வந்து அமர வேண்டுமானால் இரண்டிலும் ஒரே சாவியின் கையொப்பம் இருக்க வேண்டும். முன்பு எழுதியவரேதான் இப்போதும் எழுதியிருக்கிறாரா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் கணித ரீதியாக ஐயமற்ற விடை தருவது இந்த முறை. ஆண்ட்ராய்டு பிறந்த நாள் முதல் இத்தனை வருஷங்களும் இதைக் கொண்டுதான் நடந்து வந்திருக்கிறது.

இணையத்தில் கண்ட இடங்களிலிருந்து நிறுவப்படும் செயலிகளில், பிளே ஸ்டோரில் உள்ளதைப் போல் 50 மடங்குக்கு மேல் தீநிரல் இருப்பதாகக் கூகுள் தன் அறிவிப்பில் கூறியது. அந்தக் கணக்கை மறுக்க எனக்கு ஆதாரம் ஒன்றுமில்லை. அது உண்மையாகவே இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆயினும், மோசடிக்காரன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கோப்பையும், மூலநிரலை ஊர் அறியத் திறந்து வைத்துப் பல வருஷங்களாக நேர்மையாக நடந்துவரும் ஒரு களஞ்சியத்திலிருந்து வரும் செயலியையும், கடைக்கு வெளியே உள்ளவை என்ற ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்து வைத்துவிட்டால், அந்தக் கணக்கிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசமே மறைந்துபோகிறது.

மேலும், பதிவு பெற்றவர் என்பதற்கும் நம்பத்தக்கவர் என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் கடைகளின் சரித்திரமே காட்டுகிறது. பார்கோடு ஸ்கேனர் என்ற சாதாரணச் செயலி ஒன்று பிளே ஸ்டோரில் பல வருஷங்கள் ஒழுங்காக இருந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை நிறுவப்பட்ட பின், 2020 டிசம்பரில் வந்த ஒரு புதுப்பிப்பின் வழியே திடீரென்று தீநிரலாக மாறி, கேட்காத விளம்பரங்களைத் திறக்கத் தொடங்கியதை மால்வேர்பைட்ஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டு வெளியிட்டனர். 2015இல் ஆப்பிளின் கடையில் நடந்தது இதைவிடப் பெரிது. ஐபோன் செயலிகளை உருவாக்கப் பயன்படும் எக்ஸ்கோடு என்னும் கருவியை, அதிகாரபூர்வமான இடத்திலிருந்து இறக்கத் தாமதமாகிறது என்பதற்காகச் சீனத்து நிரலர்கள் பலர் வேறிடத்திலிருந்து இறக்கிக்கொண்டார்கள். அந்தப் பிரதியில் எவரோ கை வைத்திருந்தார்கள். அதன் விளைவாக, மூலநிரலில் ஒரு குற்றமும் இல்லாத செயலிகள், அவற்றுள் வீசாட்டும் ஒன்று, உருவாகும்போதே விஷத்தை ஏற்றுக்கொண்டு, ஆப்பிளின் பரிசோதனையையும் தாண்டிக் கடைக்குள் வந்துவிட்டன. அவற்றை எழுதியவர்கள் அனைவரும் முறைப்படி பதிவு செய்துகொண்டவர்களே. தீய எண்ணம் கொண்டவர்களும் அல்லர். அவர்களுடைய அடையாள அட்டையை ஆயிரம் முறை சரிபார்த்திருந்தாலும் இது தெரிந்திராது.

இத்தகைய அபாயத்தை 1983லேயே ஒருவர் எடுத்துச் சொல்லிவிட்டார். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய இருவருள் ஒருவரான கென் தாம்ப்சன், டூரிங் விருது பெற்ற சமயத்தில் நிகழ்த்திய உரையில், மூலநிரலை எவ்வளவு கூர்ந்து படித்தாலும், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் நிரல்பெயர்ப்பியிலேயே சூது இருந்தால் அது வெளியே தெரியாது என்று செய்தே காட்டினார். அதற்கு இந்த நூற்றாண்டில் கட்டற்ற மென்பொருள் உலகம் கண்ட மாற்றுகளுள் ஒன்று, மீளுருவாக்கத்தக்க நிரலாக்கம். ஒரே செய்முறையையும் ஒரே சாமான்களையும் வைத்துக்கொண்டு இரண்டு வீடுகளில் சமைத்தால், உப்பின் கடைசிக் கல் வரையில் வேறுபாடே இல்லாமல் ஒரே பண்டம் வர வேண்டும் என்று விதித்துக்கொள்வதைப் போன்றது அது. ஒருவர் வெளியிட்ட செயலியையும், அதே மூலநிரலிலிருந்து வேறொருவர் வேறொரு கணினியில் உருவாக்கிய செயலியையும் பக்கத்தில் வைத்தால், ஒரு பிட்கூட மாறாமல் பொருந்த வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், கோப்பு உருவான நேரம், கோப்புகள் அடுக்கப்பட்ட வரிசை, கணினியில் உள்ள அடைவின் பெயர் என்று எத்தனையோ அற்ப விஷயங்கள் உள்ளே புகுந்து இரண்டையும் வேறாக்கிவிடும். டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல் திட்டத்தின் தொண்டர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக, ஒவ்வொரு மென்பொருள் பொதியாக எடுத்து இந்த வேற்றுமைகளைத் தேடித் தேடி நீக்கி வருகிறார்கள். புகழோ பணமோ கிடைக்காத இந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பெருகுகிறது.

எஃப்-டிராய்டு என்னும் செயலிக் களஞ்சியம் இந்த வழியையும் கைக்கொள்கிறது. 2010இல் கியரன் குல்ட்னீக்ஸ் என்பவர் தொடங்கிய இது, கட்டற்ற மென்பொருளை மட்டுமே ஏற்கிறது. நிரலர் அனுப்பும் ஏபிகே கோப்பை அப்படியே வாங்கி அடுக்குவதில்லை. மூலநிரலைத் தானே எடுத்து, தன் கணினியில் உருவாக்கி, தன் கையொப்பமிட்டு வெளியிடுகிறது. நிரலர் உருவாக்கியதும் களஞ்சியம் உருவாக்கியதும் பிட்டுக்குப் பிட் பொருந்துமானால், நிரலரின் சொந்தக் கையொப்பத்துடனேயே வெளியிடவும் வழி உண்டு. அப்படிப்பட்ட செயலியில், நிரலரின் கணினிக்குள் எவனாவது புகுந்து வைத்த சூதும் தெரிந்துவிடும். களஞ்சியத்தின் கணினிக்குள் புகுந்து வைத்த சூதும் தெரிந்துவிடும். விளம்பரம் காட்டுகிறது, பயனரைப் பின்தொடர்கிறது, கட்டற்றதல்லாத சேவையைச் சார்ந்திருக்கிறது என்பன போன்ற குறைகளை ஒவ்வொரு செயலியின் பக்கத்திலேயே எழுதி வைப்பது அதன் வழக்கம். கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. நாம் எதை நிறுவினோம் என்று குறித்துவைப்பதும் இல்லை.

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. தொண்டர்கள் சிலர் ஓய்வு நேரத்தில் நடத்தும் காரியமாகையால், பாதுகாப்பு ஓட்டை ஒன்று அடைக்கப்பட்ட புதிய பதிப்பு அங்கே வந்து சேரச் சில நாட்கள் தாமதமாவது உண்டு. மீளுருவாக்கம் கைகூடாத செயலிகளுக்குக் களஞ்சியமே கையொப்பமிடுவதால், அந்த ஒரே இடத்தின் மேல் நாம் வைக்க வேண்டிய நம்பிக்கை பெரிதாகிறது என்று பாதுகாப்பு வல்லுநர்கள் ஆட்சேபித்ததும் நியாயமானதே. மூலநிரல் திறந்திருக்கிறது என்பதாலேயே அதை எவராவது படித்துவிட்டார் என்றும் ஆகிவிடாது. இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும், சந்தேகம் வந்தால் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்ற வாசகத்துக்கும், எங்களை நம்புங்கள் என்ற வாசகத்துக்கும் உள்ள பேதம் சிறிதல்ல.

புதிய பதிவு விதியால் இந்தக் களஞ்சியத்துக்கு என்ன நேரும் என்பதை எஃப்-டிராய்டு நடத்துவோர் 2025 செப்டம்பரில் விளக்கினார்கள். செயலிகளை எழுதிய அத்தனை பேரையும் கூகுளிடம் போய்ப் பதிவு செய்துகொள்ளும்படி அவர்களால் வற்புறுத்த முடியாது. அவர்களுக்குப் பதிலாகச் செயலிகளின் அடையாளப் பெயர்களைத் தாங்களே பதிவு செய்துகொள்ளவும் மாட்டார்கள். அது பிறர் உரிமையை எடுத்துக்கொள்வதாகும். ஆகவே இந்த விதி சொன்னபடியே வருமானால் களஞ்சியம் முடிந்துபோகும் என்றார்கள். இதை வெறும் அச்சம் என்று நான் நினைக்கவில்லை. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் பயனுடன் நடந்துகொண்டிருக்கும் எத்தனையோ சிறு செயலிகள் அங்கே இருக்கின்றன. பெயர் வெளிப்பட விரும்பாமல் புனைபெயரில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற செயலித் தொகுதியின் கதையைச் சொல்ல வேண்டும். நாட்காட்டி, படத்தொகுப்பு, கோப்பு மேலாளர் என்று விளம்பரமில்லாத எளிய செயலிகள் கொண்ட அந்தத் தொகுதியை, அதை வளர்த்தவர் 2023இன் இறுதியில் வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அது அவருடைய உரிமை. ஆனால் நம்பி நிறுவியவர்களுக்குத் தங்கள் படங்களும் குறிப்புகளும் இனி யார் கையில் என்ற கவலை வந்தது. மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் இருந்தபடியால், பங்களித்து வந்த ஒருவர் முன்வந்து, அதையே எடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் நடத்தத் தொடங்கினார். பயனர்கள் பலர் அங்கே மாறிக்கொண்டார்கள். அடையாளச் சரிபார்ப்பு இந்தச் சந்தர்ப்பத்தில் எவருக்கும் உதவியிராது; பழைய சொந்தக்காரரும் புதிய சொந்தக்காரரும் அதில் தேறியிருப்பார்கள். பயனர்களைக் காத்தது, நிரலை எடுத்துக்கொண்டு தனியே போகலாம் என்ற சுதந்திரம்.

ஒரே இடத்தில் அதிகாரம் குவிவதால் வரும் வேறொரு தீங்கைப் பற்றியும் பேசாமலிருக்க முடியாது. 2019 அக்டோபரில், ஹாங்காங்கில் போலீஸார் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று காட்டிய வரைபடச் செயலி ஒன்றை, சீனத்து அரசுப் பத்திரிகையின் கண்டனத்துக்குப் பின் ஆப்பிள் தன் கடையிலிருந்து நீக்கியது. 2021 செப்டம்பர் 17 அன்று, ரஷ்யாவில் வாக்குப்பதிவு தொடங்கிய அதே நாளில், எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியின் ஆதரவாளர்கள் வெளியிட்டிருந்த செயலியை ஆப்பிளும் கூகுளும் அரசாங்கத்தின் நெருக்குதலால் அகற்றின. கடை வேண்டாம் என்று ஏபிகே கோப்பை நேரே கொடுக்கும் வழி அப்போது ஆண்ட்ராய்டில் இருந்தது. ஐபோனில் அதுவும் இருக்கவில்லை. இனி அந்த வழியில் போகிறவரும் தம் அரசாங்க அடையாள அட்டையைக் கூகுளிடம் கொடுத்திருக்க வேண்டும் என்றால், நாளை ஓர் அரசாங்கம் அந்தப் பெயரைக் கேட்கும்போது என்ன நடக்கும்? நம்மூருக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் வேண்டுமானால், சென்னையிலிருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய நிறுவனங்களின் செயலிகள், கட்டணத் தகராறு ஒன்றின் காரணமாக 2024 மார்ச் 1 அன்று பிளே ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டு, மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்ப வந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். அந்தத் தகராறில் பாதுகாப்பு என்ற பிரச்சினையே எழவில்லை.

அப்படியானால் அந்த ஆசிரியரைப் போன்றவர்களை எப்படிக் காப்பது? அவருடைய வார்த்தையிலேயே விடைக்கு வழி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. போனை வைக்க விடாமல் ஒருவன் பேசிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிஷங்களே அபாயம். அழைப்பு நடந்துகொண்டிருக்கையில் வெளியிலிருந்து வரும் செயலியை நிறுவவே முடியாமல் செய்யலாம். முதன்முறை அந்த வழியைத் திறக்க விரும்புபவரை ஒரு நாள் காத்திருக்கச் செய்யலாம். சுதந்திரத்தை நாடும் எவரும் அந்த ஒரு நாளைப் பொறுத்துக்கொள்வார், மோசடிக்காரனால் பொறுக்க முடியாது. குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியை இன்னும் கடினமாக்கலாம். வீட்டில் உள்ள முதியவர் தாமே விரும்பினால், மகனோ மகளோ தம் கைபேசியிலிருந்து சம்மதித்தால்தான் நிறுவலாம் என்று வைத்துக்கொள்ளவும் வசதி செய்யலாம். இவை ஒவ்வொன்றிலும் கடைசிச் சொல் கருவியின் சொந்தக்காரரிடமே இருக்கிறது. எழுந்த எதிர்ப்பைக் கண்ட கூகுளும், அனுபவமுள்ள பயனர்கள் பதிவில்லாத செயலிகளை நிறுவிக்கொள்ள ஒரு தனி வழி வைப்பதாகவும், மோசடிக்காரர்களின் நிர்ப்பந்தத்தைத் தாங்கும்படி அதை அமைப்பதாகவும் 2025 நவம்பரில் அறிவித்தது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் அந்த வழி எவ்வளவு அகலமாக இருக்கும், எத்தனை காலம் திறந்திருக்கும் என்பதை அந்த ஒரே நிறுவனமே நிர்ணயிக்கும் என்றால், இன்று கொடுத்ததை நாளை எடுத்துக்கொள்ளவும் முடியும்.

ஐரோப்பாவில், வேறு வழியைத் திறந்து வைப்பதை நிறுவனங்களின் தயவுக்கு விட்டுவிடாமல் சட்டமாக்கினார்கள். அதன் பயனாக 2024 மார்ச் முதல் அங்கே ஐபோனிலும் வேறு கடைகள் வரலாயின. ஆப்பிள் அந்தக் கடைகளின் செயலிகளுக்கும் ஓர் அடிப்படைப் பரிசோதனையை வைத்துக்கொண்டது; அந்த அளவில் எனக்கு மனக்குறை இல்லை. அதோடு புதுக் கட்டணங்களையும் சேர்த்துக்கொண்டதுதான் பாதுகாப்பையும் வருமானத்தையும் ஒன்றாகக் கலப்பதாயிற்று.

நம் தேசத்தில் இந்தக் கேள்வி ஏற்கெனவே ஒரு முறை எழுந்து, ஓரளவு விடையும் பெற்றது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, செயலிகளைக் கடைக்கு வெளியே வழங்குவதை எவ்விதத்திலும் கட்டுப்படுத்தக் கூடாது என்றும், வேறு செயலிக் கடைகளைப் பிளே ஸ்டோரிலேயே இடம்பெறச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் இந்த இரண்டு கட்டளைகளையும், வேறு இரண்டையும் நீக்கிவிட்டது. வழக்கு அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அப்போது பதிவு விதி என்று ஒன்று எவர் நினைவிலும் இல்லை; இப்போது அது தேதி குறிக்கப்பட்டு வந்துகொண்டிருக்கிறது. நுகர்வோர் சங்கங்களும், தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்களும், மாணவர்களும் தங்கள் ஆட்சேபங்களை எழுத்தில், நிதானமான சான்றுகளுடன், ஆணையத்துக்கும் மின்னணு அமைச்சகத்துக்கும் அனுப்ப 2027 பிறப்பதற்குள் அவகாசம் இருக்கிறது. ஏபிகே மோசடியில் பணம் இழந்தவர்களின் அனுபவங்களையும் அந்த மனுக்களிலேயே சேர்த்து, காத்திருப்பு நேரம், அழைப்பின்போது தடை போன்ற ஏற்பாடுகளை நாமே முன்வைத்துக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மனு ஒன்றின் வரைவை நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன், திருத்தித்தர முன்வருகிறவர்கள் எழுதுங்கள்.